மணியடித்து அழைத்த வாசல்கள்

நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார். அலுவலகம் என்று ஒன்று கிடையாது. மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருக்கும் இடமே அலுவலகம். மாதம் ஓர் ஊராகத் தங்கி வேலை பார்க்கும் இத்தகையோரை ‘டிஜிட்டல் நாடோடிகள்’ என்கிறார்கள். சரசுவதி மகால் நூலகத்தில் சில சுவடிகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்பது நாள் தஞ்சையில் தங்க விரும்பினார்.

முதலில் ஒரு லாட்ஜில் கேட்டிருக்கிறார். நாள் வாடகையை நாற்பதால் பெருக்கினால் அவர் சம்பளத்தில் பாதி போய்விடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மேசைக்குப் பின்னால் இருந்தவர், “கூட யாரும்மா வர்றாங்க?” என்று கேட்டுவிட்டு, தனியாக வரும் பெண்களுக்கு அறை தருவதில்லை என்று கூறிவிட்டார். மகளிர் விடுதியிலோ மூன்று மாதத்துக்குக் குறைந்து சேர்ப்பதில்லை. வீட்டுக்காரர்கள் பதினொரு மாத ஒப்பந்தமும் முன்பணமும் கேட்கிறார்கள்.

“ஐயா, நாப்பது நாள் தங்க இந்த ஊர்ல இடமே கெடையாதா?” என்றார்.

தஞ்சையைப் பார்த்தா இந்தக் கேள்வி என்றுதான் நமக்கு முதலில் தோன்றியது. அந்தத் திகைப்பின் விளைவே இக்கட்டுரை.

அயலூரில் பாதுகாப்பாகத் தங்குவது எப்படி என்ற கவலை நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘அடைக்கலக் காதை’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் மதுரைக் கோட்டைக்கு வெளியே, துறவோர் வாழும் புறஞ்சேரியில் தங்குகிறார்கள். இல்லறத்தார் அங்கே நெடிது இருத்தல் பொருந்தாது. இருட்டுவதற்குள் ஊருக்குள் இடம் தேடியாக வேண்டும். அப்போது அவ்வழியே வருகிறாள் ஆயர்குலத்து மாதரி. அவளிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார் கவுந்தியடிகள். அவர் வாக்கே பிணை. அந்த ஒரு பிணையின்மேல் மாதரி தன் இடத்தில் தனியாக ஒரு சிறு மனையைத் தருகிறாள். வந்தவர்கள் சாவக நோன்பினர் என்பதால் சமைத்த உணவைக் கொடுக்காமல், கண்ணகியே சமைத்துக்கொள்ளும்படி அரிசியும் காய்களும் தருகிறாள். விருந்தினரின் வழக்கத்தைத் தன் வழக்கத்துக்கு மேலாக வைத்த இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். சற்று நேரத்தில் இது மீண்டும் வரும்.

ஆனால் கவுந்தி இல்லாதவர் என்ன செய்வது? தெரிந்தவர் ஒருவர் சொன்னால்தான் கதவு திறக்கும் என்றால், தெரிந்தவரே இல்லாத வழிப்போக்கர் எங்கே போவார்? மணிமேகலையின் ஆபுத்திரன் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மதுரையில் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் ஆபுத்திரன் படுத்திருக்கிறான். மழை கொட்டும் நள்ளிரவில் வழிநடந்து களைத்தவர்கள் பசியோடு வருகிறார்கள். கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அந்த இயலாமையின் துயரத்துக்கு விடையாகத்தான் தேவி அமுதசுரபியைத் தருகிறாள். யார், எந்த ஊர் என்ற கேள்வி அங்கே எழவேயில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பொது இடம் ஒன்று, அங்கே பிணையின்றி யாரும் வந்து தங்கலாம், உணவும் உண்டு: இந்த எண்ணம் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்ததே சத்திரம். மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாதவர் இல்லை. எனினும் சத்திரத்தை ஓர் அரசாட்சியின் அடையாளமாகவே ஆக்கியவர்கள் தஞ்சை மராட்டியர்கள். இராமேசுவரத்துக்கு நடந்து செல்வோரின் பாதை தஞ்சை நாட்டின் வழியே சென்றது. அப்பாதையில் அரச குடும்பத்துப் பெண்கள் பெயரால் சத்திரங்கள் எழுந்தன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் 1802இல் எழுந்த முக்தாம்பாள் சத்திரம். பின்னது, கல்யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் தேர்போல் அமைந்தது. வழிநடையில் தேய்ந்த கால்களுக்கு ஒரு தேரைக் கட்டி வைத்தான் அரசன் என்று சொன்னால் அது நம் கற்பனை. ஆனாலும் அங்கே நின்றால் அப்படித்தான் தோன்றுகிறது.

இச்சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதற்கு அரிய சான்று ஒன்று உண்டு. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சையின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் ஓய்வூதியமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. 1801 ஜனவரியில் அவர் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கு உரிய சொத்துகளில் கைவைத்துவிடக் கூடாது என்பதே அதன் வேண்டுகோள்.

சரபோஜி கூறுவதன் சாரம் இது. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும், ஜோகி, ஜங்கமர், பைராகி முதலிய யாத்திரிகர்களுக்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மிளகு முதலியனவும் தரப்படும் (மாதரியை நினைத்துக்கொள்ளுங்கள்). நள்ளிரவு வரை இது நடக்கும். பிறகு மணியடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள். நோயுற்றவர்களுக்கு மருந்தும் பத்திய உணவும் அளித்து, குணமாகும்வரை பரிவோடு பேணுவார்கள். கருவுற்ற பெண்கள் சத்திரத்தில் மகப்பேறு அடைந்தால் செலவைச் சத்திரம் ஏற்கும்; அதன்பின் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்து, உணவும் உடையும் கல்வியும் தந்து, திருமணச் செலவையும் ஏற்பார்கள். தஞ்சையைத் தர்மராஜ்யம் என்று உலகம் சொல்வதையே தம் பதவியின் மிகப் பெரிய சிறப்பாகக் கருதுவதாகவும் அவர் எழுதுகிறார்.

இழந்த நாட்டுக்காக அன்று, சோற்றுக்காக மன்றாடிய அரசனின் கடிதம் இது. படிக்கும்போது கண் கசிவது இயல்பே. ஆயினும் இது ஒரு விண்ணப்பம் என்பதை நாம் மறத்தல் ஆகாது. விண்ணப்பம் எழுதுகிறவர் தம் குறையை எழுத மாட்டார். எல்லோருக்கும் சோறு என்று கடிதம் கூறுகிறது. எல்லோரும் எங்கே அமர்ந்து உண்டார்கள், எங்கே படுத்தார்கள் என்று அது கூறவில்லை.

கூறாமல் விட்டதைப் பின்னாள் வரலாறு கூறிவிட்டது. சத்திர நிர்வாகம் மாவட்டக் கழகத்திடம் வந்த பின், 1920களில் ஏ.டி. பன்னீர்செல்வம் அதன் தலைவரானார். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் சத்திர நிதியில் நடந்த மாணவர் விடுதிகளில் அப்போது பிராமண மாணவர்களுக்கே இடம் இருந்தது. அதை மாற்றிப் பிற சாதி மாணவர்களும் தங்கி உண்ண வழிசெய்தவர் அவர். (அவரும் ஒரு பயணத்தில்தான் மறைந்தார். 1940 மார்ச் 1 அன்று, இலண்டன் செல்லும் வழியில் ஓமான் வளைகுடாப் பகுதியில் அவர் சென்ற ‘ஹனிபல்’ விமானம் காணாமற் போயிற்று.) ஈ.வெ. ராமசாமி இளமையில் காசிக்குப் போய், பிராமணரல்லாதார் என்பதால் சத்திரத்துச் சோறு மறுக்கப்பட்டதையும், அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் தென்னாட்டுத் திராவிட வணிகர் என்று கண்டதையும் அவர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிணை கேட்காத வாசல் சாதியைக் கேட்டது.

அக்கேள்வியை நீக்குவதற்குச் சட்டங்கள் வேண்டியிருந்தன. ஆங்கிலேயர் 1867இல் இயற்றிய சராய்ச் சட்டம் விடுதியைப் பதிவு செய்யவும், தூய்மையாக வைத்திருக்கவும், காவலாளி வைக்கவும், கட்டணப் பட்டியலைக் காட்சிக்கு வைக்கவும் ஆணையிட்டது. யாரை உள்ளே விடுவது என்பதில் அதற்கு அத்துணை அக்கறை இல்லை. பொது இடங்களும் கிணறுகளும் சாலைகளும் அனைவருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

இதற்குள் சத்திரத்தின் காலமே மாறிவிட்டது. 1856இல் இராயபுரத்திலிருந்து இரயில் புறப்பட்டதும், நடைபாதைச் சத்திரங்களின் தேவை குறையத் தொடங்கியது. புதிய சத்திரங்கள் நிலையங்களைத் தேடி வந்தன; சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இராமசாமி முதலியார் சத்திரம் அப்படி அமைந்ததே. பின்னர் வேலை தேடி வந்தவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். ஓர் இரும்புக் கட்டில், கொடியில் தொங்கும் சட்டை, வரிசையில் நின்று குளிக்கும் குளியலறை, கீழே மெஸ். அதை ஏளனம் செய்து எழுதியவர் பலர். நமக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. மாத வாடகையைத் தந்தால் போதும், குலமும் கோத்திரமும் கேட்காத வாசல் அது. ஆனால் ஆண்களுக்கு மட்டும்!

ஆகவே, நம் மாணவி நின்ற இடம் புதிய இடமன்று. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவரை ஓட்டல்களில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. பால் என்ற சொல் அதில் இருக்கிறது. 1950 முதல் இருக்கிறது. தனியாக வரும் ஆணுக்கு அறை உண்டு, பெண்ணுக்கு இல்லை என்ற அந்த மேசைக்காரர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை; கேட்டால், ‘பாதுகாப்புக்காகத்தான்’ என்பார். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் யாராவது வெளியே இருக்கிறீர்களா என்று கேட்பதும் பாதுகாப்புத்தான். மகப்பேற்றுக்குப் பின் மூன்று மாதம் ஒருத்தியை இருத்தி வைத்த ஊரில், இன்று ஒருத்தியை வெளியே நிறுத்துவதற்குப் பெயர் பாதுகாப்பு.

மேலவீதிப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு நாம் போய்க் கேட்டோம். வாடகை பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

“பொண்ணு யாரு தம்பி?”

“நம்ம மாணவிதாம்மா.”

“ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா?”

“ஆறு வருஷமாத் தெரியும்.”

“அப்ப சரி. வரச் சொல்லுங்க. சமையல் தனியா வேணுன்னா ஒரு அடுப்பு இருக்கு.”