125 வருஷம் ஓடின டி.சி. கரண்ட்

எங்க புராஜக்ட்ல பழைய மாட்யூலைத் தூக்க விடமாட்டேங்கிறாங்கன்னு புலம்பிட்டிருந்தேன். நியூயார்க் கரண்ட் கதை படிச்சதும் அடங்கிட்டேன்.

1882 செப்டம்பர் 4. பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. நிலக்கரி, டைனமோ, 110 வோல்ட் டி.சி. அவ்வளவு குறைந்த வோல்ட்டில் ஒரு மைல் தாண்டினாலே கம்பியில் ஏகப்பட்ட நஷ்டம். அதனால் ஊருக்கு நடுவிலேயே நிலையம். 1890-ல் அது தீப்பிடித்து எரிந்தது. வோல்ட்டைச் சுலபமாக ஏற்றி இறக்க முடிந்த ஏ.சி. ஜெயித்தது.

ஆனாலும் பழைய லிஃப்ட் மோட்டார் வைத்திருந்த கட்டிடங்களுக்காக டி.சி. தொடர்ந்தது. எடிசன் கம்பெனியின் வாரிசான கான் எடிசன் கடைசி இணைப்பைத் துண்டித்தது எப்போ தெரியுமா? 2007 நவம்பர் 14!

கஸ்டமருக்கு ஒண்ணைக் கொடுத்துட்டா திரும்பப் பிடுங்குறது லேசில்லை. நாளைக்கு எழுதுற கோடிங்கை யோசிச்சுத்தான் எழுதணும் :-)