சவுக்குக் கன்றின் தரமும் ஃபிராங்கியாவும்

தமிழ்நாட்டுக் கடலோர மணற்பரப்பில் விளையும் சவுக்கு, காகிதக் கூழுக்கும் கட்டடச் சாரத்துக்கும் விறகுக்கும் பயன்படும் பணப்பயிர். நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. தழைச்சத்து மிகக் குறைந்த மணலில் இவ்வளவு விரைவாக அது வளர்வதில், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் பாக்டீரியாவுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் உயர்ரக மரங்களைத் தெரிவுசெய்து குளோன்களாகப் பெருக்குவதில் நாம் காட்டிய அக்கறையை இந்த நுண்ணுயிரிடம் காட்டவில்லை. விரும்பினால் இடலாம் என்ற அளவில்தான் அது நுண்ணுயிர் உரங்களின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. ஃபிராங்கியா குடியேறிய வேரையும் நல்ல கன்றின் தர அளவுகோலாக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

உறவின் இயல்பு

பயறு வகைகளின் வேர்முடிச்சில் இருப்பது ரைசோபியம். ஃபிராங்கியா அதிலிருந்து முற்றிலும் வேறான, இழை வடிவில் வளரும் ஆக்டினோபாக்டீரியா. 1886இல் புருங்கார்ஸ்ட் என்னும் ஆய்வாளர் இதற்குப் பெயரிட்டார்; ஆயினும் இதை வேரிலிருந்து பிரித்துத் தூய வளர்ப்பாக வளர்த்துக்காட்ட 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதமே இத்துறை பின்தங்கியதற்கு ஒரு காரணம்.

ஃபிராங்கியா காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி மரத்துக்குத் தருகிறது. இதைச் செய்யும் நைட்ரஜனேஸ் என்னும் நொதி, ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். ஆல்டர் போன்ற மரங்களின் முடிச்சுகளில் ஃபிராங்கியாவே தடித்த உறையுள்ள நுண்பைகளை உண்டாக்கி நொதியைக் காத்துக்கொள்கிறது. சவுக்கின் முடிச்சில் அத்தகைய நுண்பைகள் இல்லை. அங்கே மரமே தன் செல்சுவர்களைத் தடிக்கச்செய்து ஆக்சிஜனை மட்டுப்படுத்துகிறது. ஹீமோகுளோபினையும் உற்பத்தி செய்கிறது.

2007இல் வெளியான மரபணுத்தொகுதி ஒப்பீடும் சவுக்குக்கும் ஃபிராங்கியாவுக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டுகிறது. சவுக்கில் வாழும் வகையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 54 லட்சம் காரஇணைகள் கொண்டது. ஆல்டரில் வாழும் வகைக்கு அது 75 லட்சம். சில மரங்களை மட்டுமே சார்ந்து வாழ்ந்ததால் முன்னது சுருங்கியது என்பது ஆய்வாளர் விளக்கம். நடைமுறையில் இதன் பொருள் தெளிவு: நிலக்கடலைக்கு விற்கப்படும் ரைசோபியம் பொட்டலம் சவுக்கில் முடிச்சிடாது. சவுக்குக்கு அதற்குரிய ஃபிராங்கியாதான் வேண்டும்.

அறுந்த தொடர்ச்சி

இந்தியத் தலைநிலப்பகுதிக்குச் சவுக்கு வந்தேறிய மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் என்ஜின்களின் விறகுத் தேவைக்காகப் பரவலாக நடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சவுக்கு விளைந்த கடலோர நிலங்களில் ஃபிராங்கியாவும் நிலைத்துவிட்டது. அந்த மணலிலேயே நாற்றங்கால் அமைத்து விதைத்தபோதும், பழைய தோப்பின் மண்ணையோ நசுக்கிய முடிச்சையோ பாத்தியில் கலந்தபோதும், பாக்டீரியா கன்றோடு சேர்ந்தே வயலுக்குப் போனது.

குளோன் முறை இத்தொடர்ச்சியை அறுத்தது. நுனித்தண்டுகளை வேரூக்கியில் தோய்த்து வெர்மிகுலைட்டிலோ தேங்காய் நார்க்கழிவிலோ நட்டு வேர்விடச் செய்கிறார்கள். நோய் வராமலிருக்க ஊடகம் தூய்மையாக இருக்க வேண்டும். ஆனால் அத்தூய்மையே ஃபிராங்கியாவுக்கும் இடமில்லாமல் செய்கிறது. இக்கன்றுகள் சவுக்கையே கண்டிராத உள்மாவட்ட நிலங்களுக்குப் போகும்போது, பாக்டீரியா அங்கே காத்திருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

இரு மறுப்புகள்

மண்ணிலேயே ஃபிராங்கியா இருக்கும்போது தனியாக எதற்கு என்பது முதல் மறுப்பு. பழைய சவுக்கு நிலங்களைப் பொறுத்தவரை இதில் நியாயமுண்டு. அங்கே கூடுதல் பயன் சிறிதாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நாற்றங்காலின் கன்றுகள் எந்த நிலத்துக்குப் போகும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. வயல் முழுவதும் இடுவதைவிடக் கைப்பிடி ஊடகத்தில் நிற்கும் இளவேருக்கு இடுவது எளிது, செலவும் குறைவு.

யூரியா போதுமே என்பது இரண்டாவது மறுப்பு. மணலில் இட்ட நைட்ரஜனில் பெரும்பகுதி நீரோடு கீழிறங்கி வீணாகிறது. மிகுதியாக இட்டால் முடிச்சு உருவாவதும் தடைபடும். அறுவடையில் மரம் மட்டுமல்ல, மிளாறும் தோண்டிய வேர்க்கட்டையும்கூட விறகாக வெளியேறுகின்றன. சுற்றுக்குச் சுற்று நிலம் இழக்கும் தழைச்சத்தை யாரோ ஈடுசெய்தாக வேண்டும். செனகலின் கடலோர மணலில் சவுக்குத் தோப்பு ஆண்டுக்கு எக்டருக்குச் சுமார் 58 கிலோ நைட்ரஜன் நிலைநிறுத்தியதாக டோமெர்க் என்னும் ஆய்வாளர் மதிப்பிட்டார். எல்லா மண்ணிலும் இதே அளவு கிடைக்காது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை நிலைநிறுத்தக் செல்லுக்கு ஆற்றல் தரும், மணிச்சத்து அடங்கிய ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. எனவே மணிச்சத்து குறைந்த மண்ணில் ஃபிராங்கியா தளர்ந்துவிடும். மணிச்சத்தைத் திரட்டித்தரும் மைக்கோரைசா பூஞ்சையையும் சேர்த்தே இட வேண்டும் என்பது இதனால்தான்.

செய்யத்தக்கவை

முடிச்சை நசுக்கி நீரில் கரைத்து ஊற்றும் உழவர் முறை மலிவானது, பயனுள்ளது. ஆயினும் நோயுற்ற தோப்பிலிருந்து எடுத்தால் நோய்க்கிருமியும் உடன்வரும். எவ்வளவு பாக்டீரியா இடப்பட்டது என்பதும் தெரியாது. தூய வளர்ப்பு இக்குறைகளைத் தீர்க்கும். ஆனால் ஃபிராங்கியா இருமடங்காக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்; இதைப் பேரளவில் வளர்க்கப் பொறுமையும் பொது முதலீடும் தேவை. குளோன் தெரிவிலும் ஃபிராங்கியா ஆய்விலும் ஒருசேர அனுபவமுள்ள கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இதற்குப் பொருத்தமான இடம்.

கண்காணிப்புக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கன்றுகளை அனுப்புமுன் சிலவற்றைப் பிடுங்கி வேரில் முடிச்சு உள்ளதா என்று பார்த்தால் போதும். கன்றுகளை வழங்கும் காகித ஆலைகளும் சான்றளிக்கும் துறைகளும் இதை நிபந்தனையாக்கலாம். உயரம், தண்டுப் பருமன், நோயின்மை ஆகியவற்றோடு வேர்முடிச்சும் தரப்பட்டியலில் ஏறினால்தான், குளோனுக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் உழவர் அதன் வளர்ச்சித் திறனை முழுமையாகப் பெறுவார்.