கதை படிக்க ஒருத்தர், கேட்க முந்நூறு பேர்

இந்த எபிசோடை என்னுடைய முதல் வேலையிலிருந்து தொடங்குறேன். சேர்ந்த அன்னிக்கே எங்களை ஒரு ஏசி ரூம்ல உட்கார வெச்சு, கம்பெனி பிறந்த கதையைச் சொன்னாங்க. சின்ன அறை, கடன் வாங்கிய கம்ப்யூட்டர், தூங்காத ராத்திரிகள். கதை நல்லாத்தான் இருந்தது. ஆனா நான் அங்கே இருந்த மூணு வருஷத்துல, டீக்கடையில யாரும் அந்தக் கதையை இன்னொருத்தருக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

டீக்கடையில ஓடினது வேற கதை. தீபாவளிக்கு முந்தின நாள், ஊருக்குப் போற பஸ்ஸை விட்டுட்டு, புதுசா சேர்ந்த பையன் சொதப்பின வேலையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுத்த ஒரு சீனியர் அக்காவோட கதை. அதை எனக்குக் குறைஞ்சது நாலு பேர் சொல்லியிருப்பாங்க. அங்கே எப்படி நடந்துக்கணும்னு நான் கத்துக்கிட்டது அதுலதான்.

ஒரு வேலையிடத்தோட பண்பாட்டை உருவாக்குறது யாருடைய கதை? இதுக்கு வரலாற்றுல ஓர் அருமையான உதாரணம் இருக்கு. அதுக்கு நாம 1865-ம் வருஷத்து ஹவானாவுக்குப் போகணும்.

அப்போது கியூபா ஸ்பெயினின் காலனி. ஹவானாவின் பெரிய தொழில் சுருட்டு. ஒரு பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் புகையிலையை விரித்து, வெட்டி, சுருட்டிக்கொண்டிருப்பார். இந்த வேலையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. கைக்கு ஓய்வே கிடையாது. கண்ணும் இலை மேலேயே இருக்கணும். ஆனால் மெஷின் சத்தம் எதுவும் இல்லை. காது மட்டும் நாள் முழுக்க சும்மா இருக்கு.

அந்தக் காதுக்கு வேலை கொடுக்கலாம் என்று நினைத்தவர்களில் முக்கியமானவர் சதுர்னினோ மார்த்தினெஸ். அவரும் சுருட்டுத் தொழிலாளிதான், கவிதையும் எழுதுவார். 1865-ல் தொழிலாளர்களுக்காக 'லா அவுரோரா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு சிக்கல்: தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரிகை எதற்கு? யாராவது சத்தமாகப் படித்துக் காட்டினால்?

அதே வருஷம் டிசம்பர் 21. ஹவானாவின் 'எல் ஃபிகாரோ' தொழிற்சாலை, சுமார் 300 தொழிலாளர்கள். தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைத்தார்கள். அவர் படிக்கிற நேரத்தில் சுருட்டு சுற்ற முடியாது, கூலி போய்விடும். அதனால் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் கூலியை ஈடுகட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. காசு கொடுத்தது முதலாளி இல்லை, கேட்டவங்க.

சீக்கிரமே மற்ற தொழிற்சாலைகளுக்கும் இது பரவியது. முதலாளிகள் சிலருக்கும் பிடித்திருந்தது. கூடம் அமைதியாக இருந்தது, வேலையும் நடந்தது. ஆனால் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. 1866-லேயே, வேலையிடங்களில் புத்தகமும் பத்திரிகையும் படித்துத் தொழிலாளர்களின் கவனத்தைத் திருப்பக் கூடாது என்று தடை வந்தது. சுதந்திரப் போர் தொடங்கியது 1868-ல். ஆயிரக்கணக்கான சுருட்டுத் தொழிலாளர்கள் கடல் தாண்டி அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். முதலில் கீ வெஸ்ட், பிறகு 1880-களில் டாம்பா நகரத்தின் ஈபோர் சிட்டி. கையோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள்.

டாம்பாவில் அது ஒரு முழு ஏற்பாடாகவே வளர்ந்தது. படிக்கிறவருக்கு 'லெக்தோர்' என்று பெயர். வேலை வேண்டுமென்றால் கூடத்தின் முன்னால் படித்துக் காட்ட வேண்டும், தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கூடத்தின் நடுவே உயரமாக ஒரு மேடை. மைக் கிடையாது, தொண்டைதான். முதலில் செய்திகள், அரசியல், தொழிற்சங்கச் சங்கதிகள். கடைசியில் நாவல். எந்த நாவல் என்பதற்கும் ஓட்டுதான். செர்வாந்தெஸ், விக்தோர் ஹ்யூகோ, எமில் ஸோலா எல்லாம் அந்தக் கூடங்களில் ஒலித்தார்கள். நல்ல லெக்தோர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றிப் படிப்பார். பிடித்துவிட்டால் கைதட்ட முடியாதே, கையில் இலை இருக்கிறது! இலை வெட்டும் கத்தியால் மேசைப் பலகையைத் தட்டுவார்கள். நூற்றுக்கணக்கான கத்திகள் ஒரே நேரத்தில் தட்டுகிற சத்தத்தை நினைச்சுப் பாருங்க.

1935-ல் ஹவானாவில் பிறந்த 'மோந்தெகிறிஸ்தோ' சுருட்டுக்கு, தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட அலெக்சாந்தர் துமாவின் நாவலிலிருந்துதான் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

இதனால் என்ன ஆனது? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஹ்யூகோவின் ழான் வால்ழானைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் வாதாட முடிந்தது. ஒரே பக்கத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டதால், பேச எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. பக்கத்து மேசைக்காரர் கூட்டாளி ஆனார். 1891-ல் கியூப விடுதலைப் போராளி ஹொசே மார்த்தி டாம்பாவுக்கு வந்து பேசினார். அதன் பிறகு தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியை விடுதலை இயக்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டுணர்வு ஒரே நாளில் வந்ததில்லை. வருஷக்கணக்காகச் சேர்ந்து கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

முதலாளிகளுக்குப் பயம் வந்ததும் இதனால்தான். லெக்தோர்கள் தீவிர அரசியலைப் படிக்கிறார்கள் என்று சொல்லி, 1931 நவம்பரில் டாம்பா முதலாளிகள் அவர்களை நீக்கினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆனால் தோற்றார்கள். மேடைகள் போய், பின்னால் ரேடியோ வந்தது. யோசிச்சா ரேடியோவும் பேசத்தான் செய்யுது, பாட்டும் போடுது. ஆனா அதுல என்ன வரணும்னு அந்தக் கூடம் ஓட்டுப் போட முடியாது.

ஃபுளோரிடாவில் அணைந்தது கியூபாவில் அணையவில்லை. அங்கே இன்றைக்கும் சுருட்டுத் தொழிற்சாலைகளில் லெக்தோர் உண்டு. 2012-ல் கியூபா இந்த வாசிப்பைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இது ஏதோ தூரதேசத்துக் கதைன்னு நினைக்காதீங்க. பக்கத்துல கேரளாவின் கண்ணூரிலும் இது நடந்திருக்கு. அங்கே பீடிக் கூடங்களில் ஒருவர் பத்திரிகை படிப்பார், அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். 1969-ல் தொடங்கிய கேரள தினேஷ் பீடி கூட்டுறவிலும் இந்த வாசிப்பு இருந்தது. ஹவானாவும் கண்ணூரும் ஒருவரையொருவர் பார்த்துக் காப்பியடித்ததாகத் தெரியவில்லை. கை ஓயாத, காது ஓய்ந்த வேலை இரண்டு ஊரிலும் ஒரே யோசனையைக் கொடுத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்ப பல ஆபீஸ்கள்ல 'கதை சொல்லிக் கலாச்சாரத்தை வளர்ப்போம்'னு பயிற்சி வகுப்பு நடத்துறாங்க. தப்பே இல்லை. ஆனா ஹவானாகிட்ட இருந்து கத்துக்கணும்னா, கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. கதையை யார் தேர்ந்தெடுக்குறாங்க? கேட்டுட்டு மறுத்துப் பேச முடியுமா? நிர்வாகத்துக்குப் பிடிக்காத கதைக்கும் அங்கே இடம் இருக்கா? இதுக்கெல்லாம் 'இல்லை'ன்னா, அது அறிவிப்புப் பலகைதான். டாம்பா முதலாளிகளுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருந்தது. அதனாலதான் மேடையையே எடுத்தாங்க.

எனக்கும் ஒரு கூச்சம் இருக்கு. இப்ப நீங்க இதை வேலைக்கு நடுவுல, ஹெட்போன்ல, தனியாக் கேட்டுக்கிட்டு இருக்கலாம். பக்கத்து சீட்டுக்காரர் வேற ஏதோ கேட்டுக்கிட்டு இருப்பார். அவங்க 300 பேரும் கேட்டது ஒரே பக்கத்தை. அதனால ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கு டீ குடிக்கப் போறப்ப, உங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்ற அந்தக் கதையைப் புதுசா சேர்ந்தவர் ஒருத்தருக்குச் சொல்லுங்க. அவர்கிட்டயும் ஒரு கதை கேளுங்க.