மழை, பனி சீசனில் காடை வளர்ப்பு: குஞ்சுகள் இறப்பது ஏன்? காப்பாற்றுவது எப்படி?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமலே பலர் வாக்கிங் போவார்கள். ஆனால் மொட்டை மாடியில் கூண்டு வைத்துக் காடை வளர்ப்பவர்களுக்கு இதுதான் சிக்கலான சீசன். கொஞ்சம் அசந்தால் ஒரே இரவில் ஒரு பேட்ச் குஞ்சுகளே போய்விடலாம்.

எந்தக் காடை?

பண்ணைகளில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. தி.நகரை ஒட்டிய நந்தனத்தில் இயங்கிய கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியதுதான் 'நந்தனம் காடை'. காட்டுக் காடையைப் பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சென்னைக் குளிருக்கே தாங்காதா?

வளர்ந்த காடை தாங்கும். குஞ்சு தாங்காது. 17, 18 நாளில் பொரிந்து வரும் குஞ்சின் எடை 10 கிராமுக்கும் குறைவு. முதல் வாரம் அதற்கு சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சென்னையில் ஜனவரி இரவு வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இருக்கும். இந்த 14 டிகிரி வித்தியாசத்தை பல்புதான் ஈடுகட்ட வேண்டும்.

வாரத்துக்கு சுமார் 3 டிகிரி வீதம் சூட்டைக் குறைக்கலாம். வெயில் காலத்தில் 2 வாரம் போதும் என்றால், இப்போது 3 வாரம் வரை தேவைப்படும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்புதான் சரி.

சூடு போதுமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

* பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால்: சூடு போதவில்லை. அடியில் சிக்கும் குஞ்சுகள் மூச்சுத் திணறி இறக்கும்.
* பல்பை விட்டு விலகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்: சூடு அதிகம்.
* பரவலாக நின்று தீனி எடுத்தால்: எல்லாம் சரி.

தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டு வைப்பது அவசியம். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து நனைந்து, குளிரிலேயே இறந்துவிடும்.

தார்ப்பாய் போட்டு மூடிட்டா போதுமா?

பலரும் செய்யும் தவறு இது. முழுசாக மூடினால் ஈரமும், எச்சத்திலிருந்து வரும் அமோனியாவும் உள்ளேயே தங்கிவிடும். கண் எரிச்சல், மூச்சுக் கோளாறு வரும். ஈரக் கூளத்தில் பூஞ்சையும் ரத்தக்கழிச்சல் நோய்க் கிருமியும் பெருகும். சாரல் அடிக்கும் பக்கத்தை மூடி, மேல்பகுதியில் காற்று போக இடைவெளி விட வேண்டும். கூளத்தைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நின்றால், உடனே மாற்ற வேண்டும்.

கரண்ட் போனால்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால், குஞ்சுகளைச் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகளில் பிரித்து வைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைக்கலாம். பெட்டியில் காற்றுத் துளை முக்கியம். மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு பறவைகளோடு மனிதர்களையும் கொல்லும்.

முட்டை குறைவது ஏன்?

முட்டையிடும் காடைக்கு தினமும் சுமார் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் சென்னையின் பகல் பொழுது சுமார் 11 மணி 20 நிமிடம்தான். மீதியை லைட் போட்டு ஈடுகட்டலாம். இதற்கு எல்.இ.டி. போதும்.

காடை 5, 6 வாரத்திலேயே விற்பனைக்குத் தயாராகிவிடும். அதில் முதல் 3 வாரம் சூடு, காற்று, காய்ந்த கூளம் மூன்றும் சரியாக இருந்தால் மழை சீசனிலும் பேட்ச் தப்பும்.