ஊசித்துளை ஒளிப்படத்தில் ஒளிச்சரிவு

ஊசித்துளைக் கேமராவில் எடுத்த படம் நடுவில் வெளிச்சமாகவும் ஓரங்களை நோக்கிப் படிப்படியாக இருண்டும் அமைவது ஒளிச்சரிவு எனப்படும். துளைக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரம் குறையக் குறையப் படக்கோணம் விரிகிறது, சரிவும் கூடுகிறது.

இதற்கு அடிப்படையான விதிகள் ஒளிப்படக்கலைக்கு முற்பட்டவை. தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும் என்று கெப்ளர் 1604இல் எழுதினார். சாய்ந்து விழும் ஒளிக்கான கொசைன் விதியை லாம்பர்ட் 1760இல் வகுத்தார். தட்டையான பிலிமின் மூலைக்குச் செல்லும் ஒளி கூடுதல் தூரம் கடக்கிறது. பிலிமின்மேல் சாய்ந்து விழுகிறது. மூலையிலிருந்து நோக்கினால் வட்டத்துளையும் ஒடுங்கித் தெரிகிறது. மூன்றும் சேர்வதால், மைய அச்சிலிருந்து விலகும் கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வெளிச்சம் குறைகிறது: 45 பாகையில் கால் பங்கு, 60 பாகையில் பதினாறில் ஒரு பங்கு. 4×5 அங்குல பிலிமைத் துளையிலிருந்து 100 மி.மீ. தள்ளி வைத்தால் மூலைக்கு நடுவின் வெளிச்சத்தில் சுமார் 36 சதவீதம் கிடைக்கும், 50 மி.மீ. தள்ளி வைத்தால் 8 சதவீதம்கூடக் கிடைக்காது.

19ஆம் நூற்றாண்டில் ஊசித்துளை பற்றி எழுதியோரின் கவனம் பெரும்பாலும் படத்தின் கூர்மையில் இருந்தது. ரேலி 1891இல் வெளியிட்ட கட்டுரையும் ஏற்ற துளையளவையே ஆராய்ந்தது. மங்கலான ஒளியில் நெடுநேரம் திறந்து வைக்கும்போது பிலிமின் உணர்திறன் குறைவதை ஷ்வார்ட்ஸ்ஷில்ட் 1900இல் விளக்கினார். ஒளி குறைவாகப் பெறும் மூலைகள் கணக்கைவிட மேலும் இருள்வதற்கு இதுவே காரணம்.

அதே ஆண்டில் கோயர்ஸ் நிறுவனத்தின் ஹைபர்கான் லென்சு வந்தது. சுமார் 135 பாகை அகன்ற இந்த லென்சின் முன்னால் நட்சத்திர வடிவத் தகடு ஒன்று காற்றால் சுழன்று, இதே சரிவை ஈடுகட்ட நடுப்பகுதியின் ஒளியை மட்டுப்படுத்தியது. நடுவில் கருமை கூடிய வடிகட்டிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

ஊசித்துளையில் முதலில் கவனிக்க வேண்டியது தகட்டின் தடிமன். 0.3 மி.மீ. துளையை அதே தடிமனுள்ள தகட்டில் இட்டால், 45 பாகைக்கு அப்பால் ஒளியே நுழையாது. அதனால் தகட்டில் சிறு குழி தட்டி, புடைத்த பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கியபின் துளையிடுவது வழக்கம்.

அடுத்த வழி பிலிமை வளைப்பது. துளையை மையமாகக் கொண்டு அரைவட்டமாக வளைத்தால் எல்லாப் புள்ளிகளும் சம தூரத்தில் அமையும். கிடைவாக்கில் 60 பாகையிலும் பாதி வெளிச்சம் எஞ்சும். வட்டமான பால்பவுடர் டின்னின் சுவரில் துளையிட்டு, உட்சுவரை ஒட்டித் தாளைப் பொருத்தினால், ஓரங்களில் குறையும் தூரம் மற்ற இழப்புகளைச் சரிக்கட்டிவிடும். துளையுள்ள தகடு மெல்லியதாக இருந்தால் கிடைவாக்கில் வெளிச்சம் ஏறத்தாழச் சீராகும். ஆனால் நேர்கோடுகள் வளையும். மேல்கீழாக உள்ள சரிவு நீங்காது.

எஞ்சிய சரிவு இருட்டறையில் திருத்தப்படுகிறது. நெகட்டிவின் மூலைகள் மெலிந்திருப்பதால் பிரிண்டில் அவை கருக்கும். அவற்றைச் சிறிது நேரம் மறைத்து, நடுவுக்குக் கூடுதல் ஒளி தரப்படும். டிஜிட்டலில் சீராக ஒளிரும் வெள்ளைப் பரப்பைப் படமெடுத்து, அதனால் மூலப்படத்தை வகுத்து இழப்பு ஈடுசெய்யப்படுகிறது. அப்போது மூலைகளின் இரைச்சலும் சேர்ந்தே உயரும். பதியாத விவரத்தை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால், தூரம், தகடு, பிலிமின் வளைவு ஆகியவை படமெடுக்கும் முன்பே தீர்மானிக்கப்படுகின்றன.