பார்லே மிட்டாய் ஆலை

மும்பையில் குடியேறிய நம்மவர்க்கு, வில்லே பார்லே நிலையம் அண்மிவிட்டதைப் 2016 வரை பெயர்ப்பலகைக்கு முன்னரே நாசி அறிவித்துவந்தது. அங்கே 1929இல் மோகன்லால் தயாள், ஜெர்மனியினின்றும் தருவித்த இயந்திரங்களோடு மிட்டாய் ஆலையொன்றைத் தொடங்கினார். உழைத்தவர் 12 பேர். யாவரும் அவர் குடும்பத்தார். பொறியாளரும் அவர்களே, பாகு காய்ச்சியவரும் அவர்களே. வேலை மும்முரத்தில் ஆலைக்குப் பெயரிடவும் மறந்தனராம்! ஊர்ப்பெயரே நிலைத்தது. முதலில் ஆரஞ்சு மிட்டாய். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே பிஸ்கட். பிந்தியதன் புகழில் முந்தியதை நாம் மறந்தோம்.

2016இல் அவ்வாலையில் உற்பத்தி நின்றது. பல்லாண்டு அடுப்பருகே நின்ற தொழிலாளர் சுமார் 300 பேர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினர். இன்றும் அந்நிலையத்தில் வண்டி நிற்கையில் நம் வீட்டு முதியோர் சன்னல் பக்கம் முகந்திருப்புகின்றனர்.