புரியாத மொழியில் இட்ட கையொப்பம்

புதுவையின் பழைய வரலாறு என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நம் நினைவுக்கு வரும். அவருடைய தந்தையாரின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளையை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. இந்நகரின் நீதிமன்ற வரலாற்றில் கசப்பான பக்கம் அவருடையது. அதில் திருச்சபை மக்களின் பெயரும் கலந்திருப்பதால், நாம் அதைப் புரட்டாமல் கடந்துவிடலாகாது.

நைனியப்பர் 1708 முதல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர், இந்து சமயத்தவர். வணிகரும் நெசவாளரும் அவர் சொல்லை மதித்தனர். அப்பதவி கிறிஸ்தவர் ஒருவருக்கே தரப்பட வேண்டும் என்று இயேசு சபைக் குருக்கள் நெடுநாள் வற்புறுத்தி வந்தனர். இந்து வழிபாட்டுக்கு விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்து 1715இல் மக்கள் திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். அதைத் தூண்டியவர் என்ற பழி நைனியப்பர்மேல் விழுந்தது.

1716இன் தொடக்கத்தில் ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். கொடுங்கோன்மை, கலகம் என்பன குற்றச்சாட்டுகள். சிறையிலிட்ட ஆளுநரே நீதி வழங்கிய மன்றத்துக்கும் தலைவர். ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது: கடைத்தெருவில் 50 சவுக்கடி, 3 ஆண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம். குடும்பச் சொத்துகளும் பறிபோயின. மறு ஆண்டே அவர் சிறையில் இறந்தார்.

அவ்விசாரணை நடந்த முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சாட்சிகள் தமிழில் பேசினார்கள். வாக்குமூலமோ பிரெஞ்சில் எழுதப்பட்டது. இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர், இயேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். தங்களால் படிக்க இயலாத தாளின் அடியில் சாட்சிகள் தமிழில் கையொப்பமிட்டனர். தாங்கள் எதில் ஒப்பமிட்டோம் என்றே அறியோம் என்று பின்னாளில் பலர் தம் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றனர். மொழி அறியாத குற்றவாளிக்கு, ஆணையிட்டுச் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் கேள்விகளை விளக்க வேண்டும் என்று 1670ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டமே விதித்திருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது; அதைக் காக்கும் மனச்சான்று மன்றத்தில் இல்லை.

விவிலியத்தில் நாபோத்தின் வழக்கும் இத்தகையதே. முறைப்படி மன்றம் கூடியது. சாட்சி இருவர் வந்தனர். அரச முத்திரையும் இருந்தது. ஆனால் முடிவு முன்னரே எழுதப்பட்டிருந்தது. பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை கூண்டில் நிற்பவனுக்கு மட்டும் உரியதன்று. திரித்து மொழிபெயர்ப்பவன், அறிந்தும் எழுதிக்கொள்பவன், அதனால் தன் தரப்புக்கு ஆதாயம் என்று வாளாவிருப்பவன் ஆகிய எல்லாரையும் அது கட்டும். நற்செய்தியின் பெயரால் என்று சொன்னாலும் அநீதி அநீதியே.

குருக்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்றும் எண்ண வேண்டா. பாரிஸ் வெளிநாட்டு மறைபோதக சபையார் நைனியப்பருக்காகப் பேசினர். அவர்களுக்கும் இயேசு சபையாருக்கும் முன்பே பிணக்கு இருந்தது உண்மை. அதனால் அவர்கள் சுட்டிய அநீதி பொய்யாகிவிடாது. பிரான்சில் தீர்ப்பு நீக்கப்பட்டு, இறந்தவரின் நற்பெயர் மீட்கப்பட்டது. மூத்த மகன் குருவப்பர் பாரிஸ் சென்று திருமுழுக்குப் பெற்றார். அரசப் பிரதிநிதி ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தை. தந்தையின் பதவியும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய உள்ளத்தை அளக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் அப்பதவி அவர் தந்தையின் உயிரை மீட்டுத் தரவில்லை.

இன்று நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, கைதானவருக்கு வழக்கறிஞரை நாடும் உரிமையைத் தருகிறது. 1976இல் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு, ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அளிக்குமாறு அரசைப் பணிக்கிறது. குற்றவாளிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் தரப்பட்டால், திறந்த மன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பதும் சட்டமே. இருந்தும் நம் சாரத்திலும் பிற பங்குகளிலும், காவல் நிலையம் முதல் கடன் கொடுப்பவர் வீடு வரை, படிக்க இயலாத தாளில் கைநாட்டு வைக்கும் எளியோர் உள்ளனர். படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்று, ஒப்பமிடும் முன் அத்தாளைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டட்டும். நைனியப்பருக்கு எதிராக ஒப்பமிட்டவர்களுக்கு அந்தச் சிறு உதவியைச் செய்ய அன்று ஒருவரும் முன்வரவில்லை.